கல்லூரிக் கணக்கில் சிக்கிக்கொண்டவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு மாடி அறை. வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை, ஒரு நீள மேசையைச் சுற்றி நானும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். நான் கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். மற்ற இருவரில் ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார், இன்னொருவர் எம்.எஸ்ஸி. படிக்கிற பெண். பள்ளி முடித்து கல்லூரிக்குப் போய், அங்கே கணக்கில் தடுமாறுகிற பிள்ளைகள் வருவார்கள். இன்ஜினியரிங், பி.எஸ்ஸி., பி.காம்., பி.சி.ஏ. என்று எல்லாமும் உண்டு. ஆள்தான் வருஷா வருஷம் மாறுகிறது, கேள்வி மாறவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

பிளஸ் டூவில் 94 எடுத்தேன். காலேஜில் முதல் இன்டர்னலில் ஐம்பதுக்கு 11. எனக்கு என்ன ஆச்சு?

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேள்வித்தாள் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

நீங்கள் எழுதிய பிளஸ் டூ தாளை நினைத்துப் பாருங்கள். எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. அந்த 90-இல் ஒரு மார்க் கேள்வியே 20. இரண்டு மார்க்கில் பத்துக்கு ஏழு, மூன்று மார்க்கில் பத்துக்கு ஏழு, ஐந்து மார்க் ஏழிலும் ‘இது அல்லது அது’ என்று இரண்டு வாய்ப்பு. ஒரே புத்தகத்தை வருஷம் முழுக்கப் புரட்டி, புக் பேக் கணக்கை நாலு தடவை போட்டு, ரிவிஷன் மேல் ரிவிஷன் எழுதி அந்த 94 வந்தது. அது உழைப்புதான், நான் குறை சொல்லவில்லை.

இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரியில் எம் ஒன், அதாவது முதல் செமஸ்டர் கணக்குத் தாளைப் பாருங்கள். இரண்டு மார்க் பத்து, பதினாறு மார்க் ஐந்து. ஒரு பதினாறு மார்க்கில் பெரும்பாலும் இரண்டு கணக்கு இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு மேல் ஓடும். நடுவில் ஒரு மைனஸ் தவறினால் அதற்குக் கீழே எல்லாமே தப்பு. பாடம் ஐந்து யூனிட், கையில் இருப்பது நாலைந்து மாதம். ரிவிஷன் டெஸ்ட் என்று யாரும் வைக்க மாட்டார்கள். இந்த வேகத்தை யாரும் முன்கூட்டிச் சொல்லாததுதான் அநியாயம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, என் கணக்கில் அதுதான் பெரியது: பதினொன்றாம் வகுப்பு. லிமிட், முக்கோணவியல், லாக், பகுதி பின்னங்கள், வகையிடலின் ஆரம்பம் எல்லாம் பிளஸ் ஒன் புத்தகத்தில்தான் இருக்கின்றன. கல்லூரிக் கணக்கு நிற்பது அந்தத் தூணின் மேல். ஆனால் பல பள்ளிகளில் பிளஸ் ஒன்னை அரைகுறையாக ஓட்டிவிட்டு நேரே பிளஸ் டூ பாடத்துக்குத் தாவுவது பழைய வழக்கம். 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்த பிறகு அது கொஞ்சம் அடங்கியது. 2025-26 முதல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதுதான், ஆனாலும் இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் மேசைக்குக் கூட்டம் கூடும் என்று நினைக்கிறேன். நான் தப்பாகப் போனால் சந்தோஷம்.

எனக்கு ஐகன் வேல்யூ சுத்தமாகப் புரியவில்லை. முதலிலிருந்து சொல்லித் தருவீர்களா?

தருவோம். ஆனால் முதலில் ஒரு கணக்கை எங்கள் முன்னால் போட்டுக் காட்டுங்கள். ஏன் என்று ஒரு சம்பவத்தால் சொல்கிறேன்.

போன செமஸ்டரில் திருமங்கலத்திலிருந்து ஒரு பையன் வந்தான். “சார், ஐகன் வேல்யூ எனக்கு ஏறவே மாட்டேங்குது” என்றான். யூடியூபில் ஆறு வீடியோ பார்த்திருந்தான். நான் ஒரு சின்ன அணி (மேட்ரிக்ஸ்) எழுதிக் கொடுத்தேன். முதல் வரிசை 4, 1. இரண்டாம் வரிசை 2, 3. “போடுப்பா” என்றேன்.

மூலைவிட்டத்தில் இருக்கிற 4, 3 இரண்டிலிருந்தும் லாம்டாவை, அதாவது கண்டுபிடிக்க வேண்டிய ஐகன் வேல்யூவை, கழித்தான். சரி. அணிக்கோவை (டிடர்மினன்ட்) எடுத்து, (4 − லாம்டா)(3 − லாம்டா) − 2 = 0 என்று எழுதினான். அதுவும் சரி. அதாவது ஐகன் வேல்யூ என்று புதிதாக நடத்தப்பட்ட பகுதி முழுவதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த வரியில் அடைப்புக்குறியைப் பிரித்தான்: 12 − 7 லாம்டா − லாம்டா வர்க்கம். அங்கேதான் பேனா வழுக்கியது. மைனஸ் லாம்டாவை மைனஸ் லாம்டாவால் பெருக்கினால் பிளஸ். அவன் மைனஸ் போட்டுவிட்டான். அதற்கப்புறம் வந்த சமன்பாட்டைக் காரணிப்படுத்தவே முடியாது, மூலங்கள் 89-இன் வர்க்கமூலத்தில் போய் நிற்கும். பத்து நிமிஷம் முட்டிவிட்டு, “பார்த்தீங்களா சார், எனக்கு வராது” என்றான்.

குறியைத் திருத்தியதும் லாம்டா வர்க்கம் − 7 லாம்டா + 10 = 0 என்று வந்தது. விடை 5, 2. அப்புறம் ஒரு சோதனையும் காட்டினேன். மூலைவிட்ட எண்களைக் கூட்டு: 4 + 3 = 7. விடைகளைக் கூட்டு: 5 + 2 = 7. அணிக்கோவையின் மதிப்பு 12 − 2 = 10. விடைகளைப் பெருக்கினால் 10. பொருந்தினால் விடை சரியாக இருக்கும், பொருந்தாவிட்டால் எங்கேயோ இடறல் நிச்சயம். பெரிய அணிக்கும் இந்தச் சோதனை உண்டு, ஆனால் அங்கே பொருந்தினால் மட்டும் விடை சரி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அரை நிமிஷ வேலை, பரீட்சையில் எட்டு மார்க்கைக் காப்பாற்றும்.

அவன் பார்த்த ஆறு வீடியோவிலும் ஐகன் வேல்யூவைத்தான் நடத்தியிருப்பார்கள். அவனுக்கு வேண்டியிருந்ததோ எட்டாம் வகுப்புப் பெருக்கல். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கதைதான்: புரியவில்லை என்று கை காட்டுகிற இடம் ஒன்று, ஓட்டை இருக்கிற இடம் வேறு.

என் ஓட்டை எங்கே என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கால்குலேட்டரை ஓரமாக வையுங்கள். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டுங்கள். பன்னிரண்டில் ஏழு வரவேண்டும். ஏழில் இரண்டு என்று எழுதியிருந்தால் பின்னத்தில் இருந்து தொடங்குங்கள். வெட்கமே வேண்டாம், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் இதை எழுதி நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, (6 + 4) என்பதை 6-ஆல் வகுக்கும்போது மேலும் கீழும் இருக்கிற 6-ஐ அடித்துவிட்டு 4 என்பீர்களா? எண்ணில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். அதே இடத்தில் எக்ஸ் வந்தால் அடித்துவிடுகிறார்கள். சைன் 30-ஐயும் சைன் 60-ஐயும் கூட்டினால் சைன் 90 ஆகுமா? ஆகாது. முன்னது ஏறத்தாழ 1.366, பின்னது 1. பத்தடிமான லாக் 100-ஐயும் லாக் 10-ஐயும் கூட்டினால் லாக் 110 இல்லை, லாக் 1000. இரண்டும் ஒன்றும் மூன்று என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, இப்போது சயின்டிஃபிக் கால்குலேட்டரை எடுத்து −5² என்று அப்படியே தட்டுங்கள். −25 வரும். அடைப்புக்குறிக்குள் −5-ஐப் போட்டு வர்க்கம் எடுத்தால் 25. ஏன் இரண்டு விடை என்று பக்கத்தில் இருக்கிறவருக்கு விளக்க முடிந்தால் குறி விஷயத்தில் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

எங்கே தடுக்கியதோ அந்தப் பகுதியை மட்டும் பள்ளிப் புத்தகத்தில் எடுத்துப் போடுங்கள். பிளஸ் ஒன் கணக்குப் புத்தகம் இரண்டு தொகுதியும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முழுப் புத்தகத்தையும் மறுபடி படிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். மூன்று நாளில் அலுத்துப்போகும்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். கணக்கு வருகிறது, கேள்விதான் புரியவில்லை.

முதல் பிரச்சினை பெயர்கள். வகையிடல்தான் டிஃபரன்ஷியேஷன், தொகையிடல்தான் இன்டக்ரேஷன், எல்லை லிமிட், சார்பு ஃபங்ஷன், அணிக்கோவை டிடர்மினன்ட், அணியின் தரம் ராங்க், நிகழ்தகவு பிராபபிலிட்டி. பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆள், சட்டை மட்டும் வேறு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு செமஸ்டருக்கு அறுபது எழுபது சொல்லுக்கு மேல் போகாது.

பெயர்களைவிட ஆபத்தானவை கேள்வியில் வரும் சின்னச் சொற்கள். ‘ஸ்டேட்’ என்றால் தேற்றத்தைச் சொன்னால் போதும், நிரூபிக்க வேண்டாம். ‘வெரிஃபை’ என்றால் கொடுத்த எண்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக் காட்ட வேண்டும். ‘ஹென்ஸ்’ என்றால் இப்போது கண்டுபிடித்ததை வைத்தே அடுத்ததைச் செய் என்று அர்த்தம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கேலி-ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்து, ‘ஹென்ஸ்’ நேர்மாறு அணி காண்க என்ற கேள்விக்கு, தேற்றத்தை அழகாகச் சரிபார்த்துவிட்டு, நேர்மாறைப் பள்ளியில் படித்த சேர்ப்பு அணி முறையில் கண்டாள். விடை சரி. அந்தப் பாதிக்கு மார்க் இல்லை. “சரியாத்தானே சார் போட்டேன்” என்று தாளை நீட்டியபோது கண் கலங்கியிருந்தது. கணக்கில் அவள் தோற்கவில்லை. ஒரே ஒரு சொல் அவளைக் கவிழ்த்துவிட்டது.

யோசிப்பதைத் தமிழிலேயே செய்யுங்கள். எங்கள் மேசையில் எல்லோரும் தமிழில்தான் பேசுகிறோம், விடையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுகிறோம்.

பிளஸ் டூவில் நான் கணக்கே எடுக்கவில்லை. இப்போது பி.காம். அல்லது பி.சி.ஏ. சமாளிக்க முடியுமா?

முடியும். வணிகக் கணிதத்தில் வருவது வட்டி, தள்ளுபடி, சதவீதம், அணி, கொஞ்சம் வகையிடல். புள்ளியியலில் சராசரி, திட்டவிலக்கம், ஒட்டுறவு. பத்தாம் வகுப்புக் கணக்கு கையில் இருந்தால் போதும். உங்களுக்கு ஒரு சௌகரியம்கூட உண்டு: தெரியாது என்று உங்களுக்கே தெரியும், அதனால் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவீர்கள். 94 எடுத்தவர்கள் நவம்பர் வரை கேட்பதில்லை.

டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் வருஷத்தில் சேர்ந்தேன். எம் த்ரீ வகுப்பில் ஒன்றும் ஓடவில்லை.

லேட்டரல் என்ட்ரியில் வருகிறவர்களுக்கு முதல் வருஷக் கணக்கு இரண்டும் கிடையாது. வகுப்பில் மற்றவர்கள் அவற்றைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். மெக்கானிக்கல், சிவில் என்றால் ஃபூரியர் தொடர் வரும், அதற்குப் பகுதித் தொகையிடல் வேண்டும். இசட் டிரான்ஸ்ஃபார்ம் வரும், அதற்குப் பகுதி பின்னங்கள் வேண்டும். இந்த இரண்டையும் ஜூலையில் இரண்டு வாரம் ஒதுக்கிப் பழகுங்கள். மிச்சத்தைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம். பாலிடெக்னிக்கில் டிராயிங்கும் ஒர்க்‌ஷாப்பும் பழகிய கை, உட்கார்ந்து பொறுமையாக வேலை செய்யும். அது பெரிய பலம்.

யூடியூப் இருக்கிறது, போட்டோ எடுத்தால் விடை தருகிற ஆப் இருக்கிறது. அப்புறம் எதற்கு இந்த மேசை?

வீடியோ பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐஐடிக்காரர்களின் என்பிடெல் பாடங்கள் நன்றாக இருக்கின்றன. வளைவரை எப்படி நகர்கிறது என்று பார்க்க ஜியோஜீப்ரா என்கிற மென்பொருளைப் போல ஒன்று எங்கள் காலத்தில் கிடைக்கவில்லை.

ஆனால் வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். டவுன் ஹால் ரோட்டில் பரோட்டா மாஸ்டர் மாவை வீசுவதைப் பார்க்கும்போதும் அப்படித்தான் இருக்கும். ஒரு உருண்டையை நம் கையில் கொடுத்தால் தெரியும். அதனால் ஒரு வழக்கம் வையுங்கள்: கணக்கு திரையில் வந்ததும் நிறுத்துங்கள். முதல் இரண்டு வரியை நீங்கள் எழுதுங்கள். அப்புறம் ஓட்டிப் பாருங்கள்.

விடை தருகிற ஆப்பை, போட்டு முடித்த பிறகு சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் தப்பான வரியைப் பார்ப்பதில்லை, சரியான பத்து வரியைக் கொட்டிவிட்டுப் போய்விடும். உங்களுக்கு வேண்டியது அந்தத் தப்பான வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “இதை ஏன் இப்படி எழுதினே?” என்று கேட்கிற ஆள். அந்த ஆள் வாத்தியாராக இருக்க வேண்டியதில்லை. ஹாஸ்டல் ரூம்மேட் போதும்.

எங்கள் ஸ்டாஃபிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

“ஒண்ணுமே புரியலை மேடம்” என்று போய் நின்றால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. அறுபது பேர் வகுப்பு, அடுத்த மணி வேறு பிளாக்கில். பாதி போட்ட கணக்கோடு போங்கள். “இந்த நாலாவது வரி வரைக்கும் வந்துட்டேன் மேடம், இதுக்கு மேல எப்படிப் போறது?” என்று கேளுங்கள். மூன்று நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். முப்பது வருஷத்தில் இப்படி வந்த பிள்ளையை நான் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. வெறும் கையோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எம் ஒன்னில் அரியர் விழுந்துவிட்டது. கடைசி வருஷம் சேர்த்து எழுதிக்கொள்ளலாமா?

கூடாது. எம் ஒன் ஓட்டை எம் டூவுக்கும் எம் த்ரீக்கும் கசியும். அடுத்த செமஸ்டரிலேயே எழுதிவிடுங்கள்.

அதற்கு முன், ஒன்றிரண்டு மார்க்கில் போயிருந்தால் விடைத்தாள் போட்டோகாப்பிக்கு விண்ணப்பியுங்கள். மறுமதிப்பீடு கேட்பதற்கு மட்டுமல்ல, உங்கள் தப்பை உங்கள் கையெழுத்திலேயே பார்ப்பதற்கு. நோட்ஸைவிடப் பெரிய பாடம் அந்தத் தாளில் இருக்கிறது. ஒரு பெண் கொண்டுவந்த தாளில் நாங்கள் எண்ணினோம்: இழந்த மார்க்கில் பெரும்பகுதி மூன்றே வகைத் தப்பு. குறி மாறியது, கொடுத்த அணியைத் தாளில் எழுதும்போதே ஒரு எண்ணைத் தப்பாக எழுதியது, எல்லைகளைப் பிரதியிட மறந்தது. மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டாள். அடுத்த தடவை பாஸ்.

பரீட்சை ஹாலில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகிறது.

கணக்குப் போடும்போது நாலைந்து விஷயத்தை மனசில் ஏந்திக்கொண்டே நகர வேண்டும். பயம் வந்தால் அந்த இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. வீட்டில் வந்த கணக்கு ஹாலில் வராமல் போவது இதனால்தான், மூளைக் குறைவால் இல்லை. விடைத்தாள் கைக்கு வந்ததும் அதன் கடைசிப் பக்கத்தில் சூத்திரங்களைக் கொட்டிவிடுங்கள். மனசு கொஞ்சம் காலியாகும். நன்றாகத் தெரிந்த யூனிட்டில் தொடங்குங்கள். வீட்டில் போடும்போதே வாரத்துக்கு ஒரு தடவை கடிகாரம் வைத்து, புத்தகத்தை மூடி, ஒரு பதினாறு மார்க் எழுதிப் பழகுங்கள்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், காலேஜுக்கே போகப் பிடிக்காத அளவுக்குப் போனால் அது கணக்கு வாத்தியார் கையில் இல்லை. கல்லூரி ஆலோசகரையோ டாக்டரையோ பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

பஸ்ஸிலேயே தினமும் இரண்டு மணி நேரம் போகிறது. எப்போது படிப்பது?

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டியிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது. பஸ்ஸில் கணக்குப் போட முடியாது. ஆனால் நேற்றுப் போட்ட கணக்கைத் திறந்து, கீழ் வரிகளைக் கையால் மறைத்து, அடுத்த வரி என்ன என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கலாம். சீட் கிடைக்காத நாளில் அதையும் விட்டுவிடுங்கள். வீட்டில் நாற்பது நிமிஷம், மூன்றே கணக்கு, தினமும். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் உட்கார்வதைவிட இது மேல். வீட்டில் இடமில்லை என்றால் புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. ஏசி, நல்ல வெளிச்சம், யாரும் வேலை ஏவ மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் காலேஜ் போகிற முதல் பிள்ளை இவள்தான். பெற்றவர்கள் நாங்கள் என்ன செய்ய முடியும்?

நிறைய. “கணக்கு என்னம்மா, இன்னைக்கு என்ன நடத்துனாங்க?” என்று கேட்டு, அவள் சொல்வதைக் கேளுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. சொல்லும்போது அவளுக்கே தெரிந்துவிடும் எங்கே திக்குகிறது என்று. பக்கத்து வீட்டுப் பையன் மார்க்கை இழுக்காதீர்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருகிற மாதம் 1000 ரூபாயில் கைடு வாங்குவதற்குப் பதில் ஒரு பண்டல் வெள்ளைத்தாள் வாங்கிக் கொடுங்கள்.

நான் கல்லூரி ஆசிரியர். எங்கள் கல்லூரியில் இப்படி ஒன்று தொடங்க என்ன வேண்டும்?

ஒரு மேசை, மாறாத நேரம், வருகைப்பதிவு இல்லாமை. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 1990-களிலிருந்தே இப்படி ஒரு மையம் நடக்கிறது. எந்தத் துறை மாணவரும் முன்பதிவு இல்லாமல் வந்து உட்கார்ந்து கேட்கலாம். நம் ஊரில் பிரிட்ஜ் கோர்ஸ் என்று முதல் சில நாள் நடத்துகிறோம், ஆனால் அந்த நாட்களில் பிள்ளைகள் கேன்டீன் எங்கே என்றுதான் தேடிக்கொண்டிருப்பார்கள். சந்தேகம் வருவது ஆறாவது வாரத்தில். அப்போது ஆள் வேண்டும்.

மேசையை ஸ்டாஃப் ரூமுக்குள் போடாதீர்கள். இரண்டாம் வருஷ, மூன்றாம் வருஷப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். ஒரு வருஷம் முன்னால் அதே இடத்தில் இடறியவர்களுக்குத்தான் பள்ளம் எங்கே என்று தெரியும். முக்கியமாக, ‘ஸ்லோ லேர்னர்’ பட்டியல் என்று நோட்டீஸ் போர்டில் பெயரை ஒட்டாதீர்கள். கோப்புக்கு வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் ஒட்டிய மறுநாள் மேசை காலியாகிவிடும்.

கட்டணம் எவ்வளவு? என்ன கொண்டுவர வேண்டும்?

கட்டணம் கிடையாது. ரஃப் நோட்டும் பேனாவும் போதும். அழிரப்பர் வேண்டாம், அடித்த வரி எனக்குத் தெரிய வேண்டும். மாடிப்படியில் மூன்றாவது படி உடைந்திருக்கிறது, பார்த்து ஏறுங்கள்.